விறைப்பை நோவென்று சொன்ன பதினெட்டு மாதங்கள்

2021ஆம் ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, பட்டு பிளவுஸ் ஒன்றுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த நான், என் வலது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஊசி இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஊசி இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பிடித்திருக்கும் உணர்வு மட்டும் விரல் நுனியில் இல்லை. மெல்லிய கையுறையை மாட்டிக்கொண்டு தொடுவதைப் போல இருந்தது. ஒன்பது ஆண்டுகள் ஆரம்பப் பாடசாலையில் தமிழ் கற்பித்து, அதன்பின் பதினாறு ஆண்டுகளாகக் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே சேலை பிளவுஸ் தைத்து வந்தவள் நான். விரல் நுனிதான் என் தொழில். மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்குண்டதால் வந்த அந்த விறைப்பின், அதாவது மரத்துப்போவதன், பொருளை அறிந்து, உரிய வைத்தியரின் முன்னால் உரிய சொல்லோடு போய் அமர்வதற்கு எனக்குப் பதினெட்டு மாதங்கள் சென்றன. அதற்குள் பெருவிரலின் அடித்தசையில் ஒரு பகுதி கரைந்து போனது. அது இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. கையைக் கொண்டு உழைக்கும் வேறு எவருக்கும் அப்படி ஆகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பகலை விட இரவுதான் கொடுமையாக இருந்தது. அதிகாலை இரண்டு மணியளவில் கை முழுவதும் வீங்கிப் பருத்துவிட்டதைப் போன்ற எண்ணத்தோடு விழித்துக்கொள்வேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் வீக்கம் எதுவும் இராது. விரல்களுக்குள் எறும்பு ஊர்வது போலவும், ஊசி குத்துவது போலவும் இருக்கும். எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் பட்ட கையை உதறுவது போலப் பலமாக உதறுவேன். கட்டிலின் ஓரத்தில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பேன். ஐந்து, பத்து நிமிடங்களில் அடங்கிவிடும். காலையில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் சரியாகிவிடுவதால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. மாமி அதை வாதம் என்றார். இரவில் தலைமுழுக வேண்டாம் என்று தடுத்து, நல்லெண்ணெயைச் சூடாக்கித் தோளிலிருந்து விரல்வரை தேய்த்துவிட்டார். அவருடைய அன்பான கைபட்டதில் தூக்கம் வந்தது என்பது உண்மை. ஆனால் இரண்டு மணிக்கு மீண்டும் விழிப்பும் வந்தது.

2022 மார்ச் மாதத்தில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மின் மோட்டார் பொருத்திய என் தையல் இயந்திரம் பயனற்றுக் கிடந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு வாங்கி வைத்த துணிகள் குவிந்திருந்தன. அம்மா பாவித்த பழைய கை இயந்திரத்தைப் பரணிலிருந்து இறக்கி, வலது கையால் சக்கரத்தின் பிடியைச் சுழற்றிச் சுழற்றி அந்த ஒரு மாதத்தைக் கடத்தினேன். பகலில் அதே கையால் கனமான பத்து அங்குலக் கத்தரிக்கோலைப் பிடித்து வெட்டுவதும், மாலையில் சக்கரம் சுற்றுவதுமாக இருந்ததில், இரவில் மட்டும் வந்துகொண்டிருந்த விறைப்பு பகலுக்கும் பரவியது. பேருந்தின் மேல்கம்பியைப் பிடித்தால் வரும். தொலைபேசியைக் கையில் வைத்திருந்தால் வரும். புத்தகத்தைப் படுத்துக்கொண்டு பிடித்து வாசித்தால் இரண்டு பக்கத்துக்குள் வந்துவிடும்.

அதன்பின்தான் வைத்தியரிடம் போனேன். இங்கே என் பக்கத்துத் தவறை முதலில் சொல்ல வேண்டும். அந்த வைத்தியர் சிங்களத்தில் பேசுபவர். எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்கு மட்டுமே வரும். அவர் என்ன வருத்தம் என்று கேட்டபோது, "அத ரிதெனவா" என்றேன். கை நோகிறது என்று பொருள். அவர் வேறு எங்காவது நோகிறதா என்று கேட்டார். நாள் முழுவதும் குனிந்து தைப்பவளுக்குக் கழுத்து நோகாமல் இருக்குமா? "பெல்லத் ரிதெனவா", கழுத்தும் நோகிறது என்றேன். என்னை வருத்தியது நோவு அன்று, விறைப்பு. அதற்குச் சிங்களத்தில் "ஹிரி வெட்டெனவா" என்ற மிகப் பொருத்தமான சொல் இருப்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். கை நோகிறது, கழுத்தும் நோகிறது என்ற இரண்டு வாக்கியங்களைக் கேட்ட எவரும் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். அவரும் கழுத்தை எக்ஸ்றே எடுக்கச் சொன்னார்.

எக்ஸ்றேயில் கழுத்தெலும்புத் தேய்மானம் தெரிந்தது. அப்போது எனக்கு வயது 47. நாற்பதைத் தாண்டிய பலருடைய கழுத்தை எக்ஸ்றே எடுத்தால் ஏதாவதொரு தேய்மானம் தெரியும் என்பதும், அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இராது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. படத்தில் ஒன்று தெரிகிறது, உடலில் ஒன்று வருத்துகிறது. அது இதனால்தான் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டோம். கழுத்துப்பட்டி மாட்டினேன். கொழும்புப் புழுக்கத்தில் அதை நாள் முழுவதும் அணிந்திருப்பதன் துன்பத்தை அணிந்தவர்களே அறிவார்கள். தனியார் நிலையமொன்றில் கழுத்தை இழுத்துவிடும் சிகிச்சைக்கு ஐந்து மாதங்கள் போனேன், தலையணையை மாற்றினேன், வலி மாத்திரைகளை விழுங்கி வயிறு புண்ணானது. கழுத்து நோவு ஓரளவு குறைந்தது. இரவு இரண்டு மணி விழிப்பு குறையவே இல்லை. ஐந்து மாதச் சிகிச்சையில் முக்கியமான முறைப்பாடு அணுவளவும் அசையவில்லையென்றால், நோயை அறிந்த விதமே சரிதானா என்று துணிந்து கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அந்த நிலையத்தில் என் கையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்ற மனக்குறையும் எனக்கு இன்னும் உண்டு.

வழி திறந்தது எதிர்பாராத இடத்தில். 2023 ஏப்ரல் மாதத்தில், தன் திருமணத்துக்கான பிளவுஸுக்கு அளவு கொடுக்க ஓர் இளம் பெண் வந்தாள். அரச வைத்தியசாலையொன்றில் பயிற்சி வைத்தியராக இருப்பவள். அளவுநாடாவை அவள் தோளில் வைத்துக்கொண்டிருந்த நான் இடையில் நிறுத்தி, கையை இரண்டு முறை உதறிவிட்டுத் தொடர்ந்தேன். "அக்கா, ஏன் கையை உதறுறீங்க?" என்று கேட்டாள். விறைக்கிறது என்றேன். முதன்முறையாகச் சரியான சொல் வாயிலிருந்து வந்தது, தமிழில் பேசிக்கொண்டிருந்ததால். எந்த விரல்கள் என்று கேட்டாள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சின்ன விரல்? அதில் ஒன்றுமில்லை. இரவில் எழும்புவீர்களா? உதறினால் குறையுமா? ஒவ்வொரு கேள்விக்கும் நான் ஆமென்று சொல்லச் சொல்ல அவள் முகம் கனத்தது. என் இரண்டு உள்ளங்கைகளையும் விளக்கின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இடது கையில் பெருவிரலின் அடி மேடாக இருந்தது. வலது கையில் அந்த மேட்டின் வெளி ஓரம், கனிந்த மாம்பழத்தை விரலால் அழுத்திவிட்டதைப் போலக் குழிந்திருந்தது. ஒன்றரை ஆண்டாக அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டே தைத்தேன். குழி என் கண்ணில் படவில்லை. "இது கழுத்தாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன் அக்கா. ஆனால் நான் முடிவு சொல்லக்கூடாது, நரம்பு வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள்" என்று சொல்லி, கடிதமொன்றையும் எழுதித் தந்தாள்.

மணிக்கட்டின் உட்புறத்தில் என்ன இருக்கிறது என்பதை நான் விளங்கிக்கொண்டது என் தொழிலைக் கொண்டுதான். பாவாடையின் இடுப்புப் பட்டிக்குள் ஒரு நாடா ஓடும். அந்தப் பட்டிக்குள் ஒன்றுக்குப் பதிலாக ஒன்பது நாடாக்களைக் கோத்து, அவற்றோடு ஒரு பட்டு நூலையும் விட்டால் எப்படியிருக்கும்? மணிக்கட்டில் அப்படித்தான். எட்டுச் சிறிய எலும்புகள் சேர்ந்து கீழ்த்தளமும் பக்கச் சுவர்களுமாக வளைந்து நிற்கின்றன; மேலே தடித்த தசைநார்ப் பட்டை ஒன்று கூரையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இதையே கார்ப்பல் டனல் என்கிறார்கள். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் அதற்குள் ஓட, கூரையை ஒட்டினாற்போல மீடியன் நரம்பு போகிறது. எலும்பும் விரியாது, பட்டையும் எளிதில் இளகாது. உள்ளே தசைநாண்களின் உறை சிறிது தடித்தாலும், நீர் சிறிது தேங்கினாலும், அழுத்தம் முழுவதையும் தாங்க வேண்டியது இருப்பதில் மிக மென்மையான அந்த நரம்புதான். மணிக்கட்டை மடக்கும்போது உள்ளே அழுத்தம் பல மடங்கு உயர்கிறது. உறக்கத்தில் நாம் கையை மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறோம். இரவு இரண்டு மணியின் விளக்கம் அதுதான்.

விரல்களின் கணக்கும் இதிலிருந்தே வருகிறது. மீடியன் நரம்பு உணர்வு கொடுப்பது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் நடுவிரல் பக்கத்துப் பாதி ஆகியவற்றுக்கு. சின்ன விரலுக்குரிய அல்னர் நரம்பு இந்தச் சுரங்கத்துக்குள் வருவதில்லை. ஒரே மோதிர விரலின் ஒரு பக்கம் மரத்தும் மறுபக்கம் நன்றாகவும் இருந்தால், அதைவிடத் தெளிவான சாட்சி அரிது. இன்னொரு நுட்பத்தையும் பின்னர் நிபுணர் காட்டித் தந்தார். பெருவிரல் மேட்டின் தோலுக்கு உணர்வு கொடுக்கும் சிறு கிளை, சுரங்கத்துக்குள் நுழைவதற்கு முன்பே பிரிந்து வெளியே போய்விடுகிறது. ஆகவே விரல் நுனி மரத்திருக்க உள்ளங்கையின் அந்த இடம் நன்றாக உணர்ந்தால், அழுத்தம் மணிக்கட்டில்தான் என்று எண்ண வலுவான காரணம் உண்டு. என் கையில் அப்படியே இருந்தது.

நிபுணரிடம் போவதற்கு முதல் நாள், பாடக்குறிப்பு எழுதுவதைப் போல ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்: எந்த விரல், எந்த நேரம், எதைச் செய்தால் கூடும், எதைச் செய்தால் குறையும், எப்போதிருந்து. கையின் படமொன்றை வரைந்து, விறைக்கும் இடத்தைச் சிவப்புப் பென்சிலால் தீட்டினேன். அந்தப் படம் மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒன்றாக இருந்தது. வைத்தியர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, என் கழுத்து எக்ஸ்றேயை உறையிலிருந்து எடுக்காமலே, கையை நீட்டச் சொன்னார். கழுத்தையும் அவர் விட்டுவிடவில்லை. தலையைப் பின்னும் பக்கமும் சாய்த்து மேலிருந்து அழுத்திப் பார்த்தார். முழங்கையில் சுத்தியலால் தட்டினார். மேற்கையின் பலத்தைச் சோதித்தார். கழுத்தில் நரம்புவேர் அழுத்தப்பட்டால் பெருவிரலும் சுட்டுவிரலும் விறைக்கக்கூடும் என்பதால் இரண்டையும் பிரித்தறிவது அவசியம் என்றார். கழுத்தை அசைக்கும்போது கைக்குள் மின்னலாக நோவு பாய்வது, முன்கை முழுதும் விறைப்பது, மேற்கை பலவீனப்படுவது ஆகியவை கழுத்தைச் சுட்டும். இரவில் எழுந்து உதறினால் குறைவது மணிக்கட்டைச் சுட்டும்.

பின்பு மணிக்கட்டைச் சோதித்தார். புறங்கைகள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த மணிக்கட்டை மடக்கி 60 வினாடிகள் வைத்திருக்கச் சொன்னார். எனக்கு இருபதாவது வினாடியிலேயே நடுவிரல் விறைக்கத் தொடங்கியது. இது ஃபேலன் சோதனை. அவர் தம் இரண்டு பெருவிரல்களாலும் என் மணிக்கட்டுச் சுரங்கத்தின் மேல் 30 வினாடிகள் அழுத்திப் பிடித்தார்; விறைப்பு வந்தது. விரலால் மெல்லத் தட்டினார். சுட்டுவிரலுக்குள் மின்சாரம் போல ஓடியது. கடைசியாக, கையை மேசையில் மல்லாத்தி வைத்து, பெருவிரலைக் கூரையை நோக்கி உயர்த்தச் சொல்லி, அதைத் தம் ஒற்றை விரலால் அழுத்தினார். இடது பெருவிரல் அசையாமல் நின்றது. வலது பெருவிரல் சாய்ந்துவிட்டது. அதைக் கண்டபோதுதான் எனக்கு உண்மையாகவே அச்சம் வந்தது. இந்தச் சோதனைகளை வீட்டில் செய்து பார்க்கலாம். நான் என்னிடம் தைக்க வரும் பலருக்குச் செய்து காட்டுகிறேன். ஆனால் நோயில்லாத சிலருக்கும் இவை விறைப்பைத் தரும், நோயுள்ள சிலருக்குத் தராமலும் போகும். வைத்தியரிடம் போகத் தூண்டுவதற்கு மட்டுமே அவை போதுமானவை. போக வேண்டாம் என்று முடிவெடுக்க அவற்றை நம்பக்கூடாது.

நரம்பு மின்செய்தியை எவ்வளவு வேகமாகக் கொண்டுபோகிறது என்று அளக்கும் நரம்பு கடத்தல் சோதனைக்குப் போன நாளில் நல்ல மழை. குளிரூட்டிய பேருந்தில் நனைந்த கையோடு போய் இறங்கினேன். சோதனை செய்யும் மிஸ் என் கையைத் தொட்டவுடன், தோலின் வெப்பத்தை அளந்து பார்த்துவிட்டு, இளஞ்சூடான நீரில் இரண்டு கைகளையும் பத்து நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். கை குளிர்ந்திருந்தால் நல்ல நரம்பும் மெதுவாகவே கடத்தும். ஒரு பாகை குறைந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 2 மீற்றர் வேகம் குறையும் என்றும், 32 பாகைக்குக் கீழே அளந்தால் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடலாம் என்றும் விளக்கினார். இந்த அக்கறையை நான் பெரிதும் மதிக்கிறேன். இச்சோதனைக்குப் போகிறவர்கள் கையில் கிறீமோ எண்ணெயோ பூசாமல், காப்பு, மோதிரங்களைக் கழற்றிவைத்து, கையைச் சூடாகப் பொதிந்துகொண்டு போவது நல்லது. இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பெருவிரல் மேட்டில் ஒட்டிய தகடுகளோடு, மணிக்கட்டில் மின்சாரம் கொடுக்கும்போது பெருவிரல் தானாகத் துள்ளும். இறப்பர் பட்டையைச் சுண்டிவிட்டதைப் போன்ற வலிதான், தாங்கக்கூடியது. மணிக்கட்டிலிருந்து அந்தத் தசைக்குச் செய்தி போய்ச்சேர எடுக்கும் நேரம் பொதுவாக 4.4 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு வலது கையில் 6.8. விரலிலிருந்து வரவேண்டிய உணர்வுச் சமிக்ஞை வலது கையில் பதிவாகவே இல்லை. இடது கையிலும் தாமதம் இருந்தது, சிறிதளவு. அல்னர் நரம்பு இரண்டு கைகளிலும் நன்றாக இருந்தது. அதையும் அளந்ததற்குக் காரணம் உண்டு: எல்லா நரம்புகளும் மெதுவாக இருந்தால் அது நீரிழிவு போன்ற பொதுவான நரம்புப் பாதிப்பு; மணிக்கட்டைக் கடக்கும் ஒரு நரம்பு மட்டும் அங்கேயே தாமதித்தால் அது இடுக்குப் பிரச்சினை. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை சரியாகவே வரவும் கூடும் என்பதால், அறிக்கையை மட்டும் பார்த்து ஒன்றுமில்லை என்று இருந்துவிடக்கூடாது.

இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். சீனி இல்லை. தைரொயிட் சுரப்பு குறைந்திருந்தது. உடல் கனத்ததையும், களைப்பையும், முடி உதிர்ந்ததையும் வயதின் கணக்கில் எழுதிவைத்திருந்த எனக்கு அது இன்னொரு திறப்பு. தைரொயிட் குறைந்தால் திசுக்களில் நீரும் தடிப்பும் சேர்ந்து, ஏற்கெனவே நெருக்கமான சுரங்கம் மேலும் நெருங்குகிறது. நீரிழிவு, மூட்டுவாதம், மணிக்கட்டு முறிவு, கர்ப்பகாலம் ஆகியவற்றிலும் இப்படி வருவதுண்டு. எங்கள் மாடியில் இருக்கும் தங்கைக்கு ஏழாம் மாதத்தில் வந்தது. குழந்தை பிறந்து சில வாரங்களில் தானாக விட்டுப்போனது. தையலால் மட்டும் வந்ததா என்று நான் கேட்டபோது, தையல் கூட்டியிருக்கும், தனியே அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்று வைத்தியர் பதில் சொன்னார். கை விறைப்புக்குத் தைரொயிட்டைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு முன்பு யாரும் சொன்னதில்லை. பாதிக்கப்பட்ட எவரும் அதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளட்டும்.

இரண்டு கைகளுக்கும் இரண்டு வழிகள் சொல்லப்பட்டன. இடது கைக்கு இரவில் ஸ்பிளின்ட், அதாவது மணிக்கட்டை அசையாமல் பிடித்து வைக்கும் கட்டு. வலது கைக்குச் சத்திரசிகிச்சை, அதுவும் தாமதமின்றி; தசை கரையத் தொடங்கிய கையில் காத்திருப்பது நரம்பை மேலும் இழப்பதாகும் என்றார். ஸ்டீரொயிட் ஊசி பற்றிக் கேட்டேன். மிதமான நிலையில் அது சில வாரங்களிலிருந்து சில மாதங்கள்வரை நல்ல ஆறுதலைத் தரும், பலருக்குத் திரும்பி வரும், என் வலது கைக்கு அதன் காலம் கடந்துவிட்டது என்று சுருக்கமாகச் சொன்னார்.

ஸ்பிளின்ட் பற்றி ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் பலர் ஏமாறுகிறார்கள். நான் பாமசியில் வாங்கியது மணிக்கட்டைப் பின்புறமாக வளைத்துப் பிடிக்கும் ஒன்று. இரண்டு வாரம் போட்டும் பயனில்லை. கிளினிக்கில் தொழிற்சிகிச்சையாளர் அதைப் பார்த்தவுடன், உள்ளே இருந்த அலுமினியத் தகட்டை உருவியெடுத்து, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நேராக்கி, மீண்டும் சொருகித் தந்தார். கை முன்னாலும் பின்னாலும் வளையாமல் நேராக இருக்கும்போதுதான் சுரங்கத்தில் அழுத்தம் மிகக் குறைவு. பின்னால் வளைத்தாலும் அது கூடும். விரல்கள் மடங்க இடமிருக்க வேண்டும், பட்டைகள் இறுகக்கூடாது, ஆறு வாரமாவது விடாமல் ஒவ்வோர் இரவும் போட வேண்டும். அன்றிரவே இடது கையில் வித்தியாசம் தெரிந்தது. வியர்வையால் தோல் அரிக்காமலிருக்க உள்ளே பருத்தித் துணியில் மெல்லிய உறையொன்றைத் தைத்துப் போட்டுக்கொண்டேன். இப்போது கேட்பவர்களுக்கும் தைத்துக் கொடுக்கிறேன்.

சத்திரசிகிச்சை 2023 ஜூன் மாதத்தில் அரச வைத்தியசாலையில் நடந்தது. கட்டணம் எதுவும் இல்லை. முழு மயக்கம் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் மரக்கச் செய்யும் ஊசி போட்டபோது எரிந்தது. அதன்பின் இழுபடுவதும் அழுத்துவதும் மட்டுமே தெரிந்தன. மோதிர விரலின் நேரே உள்ளங்கையின் அடியில் மூன்று சென்றிமீற்றர் அளவான வெட்டு. துணி வெட்டியே வாழ்ந்தவள் என்பதால், பட்டையை வெட்டும்போது கேட்ட அந்த மெல்லிய கரகரப்பு எனக்குப் பழகிய ஓசையாகவே இருந்தது. கஞ்சி போட்ட கன்வஸ் துணியைக் கத்தரிப்பதைப் போல. இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. "நரம்பு நன்றாகத் தட்டையாகிப் போயிருந்தது அம்மா, இப்போது இடம் கிடைத்துவிட்டது" என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னதை, அருகிலிருந்த தாதி தமிழில் சொன்னார். அன்றிரவு தலையணை மேல் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்தேன். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. காயம் நோகத்தான் செய்தது, விறைப்பு எழுப்பவில்லை. ஒன்றரை ஆண்டுக்குப் பின் முழுதாக உறங்கிய அந்த இரவை நான் மறக்க மாட்டேன்.

அதன் பின்னான மாதங்களைப் பற்றி யாராவது முன்பே விவரமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். அன்றைய நாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். பயந்து கட்டிப்போட்டால் தசைநாண்கள் ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். தழும்பு ஆறியபின் தேங்காயெண்ணெய் தொட்டு நாளுக்கு மூன்று முறை அழுத்தித் தேய்த்தேன். உள்ளங்கையின் அடியில் தழும்பின் இரு பக்கங்களிலும் ஓர் ஆழ்ந்த நோவு, கதிரையின் கைப்பிடியை ஊன்றி எழும்போதெல்லாம் வந்தது. சிகிச்சை பிழைத்துவிட்டதோ என்று அழுதிருக்கிறேன். அது பலருக்கு வருவது, மூன்று முதல் ஆறு மாதங்களில் குறைவது. எனக்கு நான்கு மாதத்தில் குறைந்தது. ஏழாவது வாரத்தில் மெல்லிய வொயில் துணியை வெட்டினேன். பட்டுத் துணியையும் லைனிங்கையும் சேர்த்து வெட்ட மூன்று மாதமானது. விரல் நுனியின் உணர்வு மிக மெதுவாகத் திரும்பியது. நரம்பிழை வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான். மணிக்கட்டில் தட்டினால் முன்பு நோயைக் காட்டிய அதே மின்னோட்டம், இப்போது ஒவ்வொரு மாதமும் சிறிது தள்ளி விரலை நோக்கி நகர்ந்தது. முதலாம் உலகப் போரில் காயம்பட்ட படைவீரர்களிடம் நரம்பு மீள வளர்வதன் அடையாளமாக 1915இல் பிரெஞ்சு வைத்தியர் டினெல் எழுதிவைத்தது இந்த நகர்வைத்தான் என்று தொழிற்சிகிச்சையாளர் சொன்னார். அது எனக்குப் பெரும் தைரியமாக இருந்தது.

என் மாமாவின் கதை வேறு. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். என் கையைப் பார்க்க வந்தவர், "பிள்ளை, எனக்கும் உன்னுடைய வருத்தம்தான்" என்று இடது கையை நீட்டினார். எந்த விரல் என்று கேட்டேன். சின்ன விரலும் மோதிர விரலில் அதை அடுத்த பாதியும். என்னுடையதன் நேர் எதிர்ப்பக்கம். புறங்கையிலும் சின்ன விரல் பக்கம் விறைக்கிறது என்றார். கடையில் அவர் இருக்கும் விதத்தை நான் அறிவேன்: கண்ணாடி மேசையின் மேல் இடது முழங்கையை ஊன்றி, மடக்கிய கையில் தொலைபேசியைக் காதோடு வைத்து மணிக்கணக்காகப் பேசுவார். முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால், இடித்தால் மின்சாரம் பாயும் அந்தப் பள்ளத்தில்தான் அல்னர் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. முழங்கை மடங்கும்போது நரம்பு இழுபடுகிறது, அதன் மேலுள்ள பட்டை இறுகுகிறது. புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிவதால், புறங்கையும் விறைத்தால் தடை மணிக்கட்டில் அன்று, அதற்கு மேலே என்பது வைத்தியர் சொன்ன விளக்கம். ஒரு தாளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் இடையில் பிடிக்கச் சொல்லி அவர் இழுத்தார்; மாமாவின் பெருவிரல் நுனி மடங்காமல் பிடித்துக்கொண்டது. மடங்கியிருந்தால் தசை பலவீனப்பட்டதன் அடையாளம். மாமாவுக்கு வெட்டத் தேவைப்படவில்லை. மேசை விளிம்பில் தடித்த ஸ்பொஞ்ச் வைத்தார், தொலைபேசியைக் கையில் பிடிக்காமல் பேசக் காதில் மாட்டும் கருவி வாங்கினார், இரவில் முழங்கை மடங்காமலிருக்கத் துவாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்தார். மூன்று மாதத்தில் பெரும்பகுதி விட்டுப்போனது. அவருக்குச் சீனி வருத்தமும் உண்டு. அத்தகையோரின் நரம்புகள் சிறு அழுத்தத்தையும் தாங்காது என்பதால் சீனியைக் கட்டுக்குள் வைப்பதும் சிகிச்சையின் பகுதியானது. இரண்டு பாதங்களும் காலுறை போட்டதைப் போல ஒரே சீராக மரத்துப்போனால் அது பெரும்பாலும் சீனியின் வேலை. ஒரு பாதத்தின் அடி மட்டும் எரிந்து, உட்கணுக்காலின் பின்னால் தட்டும்போது மின்னினால், அங்கேயும் இதே போன்றதொரு சுரங்கம் உண்டு, அதைத் தனியே பார்க்க வேண்டும் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

என்னிடம் தைக்க வருபவர்களில் யாராவது கையை உதறினால் இப்போது நான் விடுவதில்லை. நோகிறதா, விறைக்கிறதா, எரிகிறதா, மதமதக்கிறதா, பலம் குறைந்து பொருள் நழுவுகிறதா என்று பிரித்துக் கேட்கிறேன். நம் மொழியில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் இருக்க, எல்லாவற்றையும் நோவு என்ற ஒன்றுக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். சிங்களம் பேசும் வைத்தியரிடம் போகிறவருக்கு "ஹிரி வெட்டெனவா" என்பதை எழுதிக் கொடுக்கிறேன். விட்டுவிட்டு வரும் விறைப்பு நிரந்தரமாகிவிட்டாலோ, பொத்தான் போடவோ சாவி திருப்பவோ தடுமாறினாலோ, பெருவிரல் மேடு குழிந்தாலோ ஒரு கிழமையும் பொறுக்க வேண்டாம் என்று சொல்கிறேன்.

பத்து அங்குலக் கத்தரிக்கோலைத் தங்கையின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். எட்டு அங்குலத்தில் பாரம் குறைந்த ஒன்றையும், வெட்டுச்சக்கரமொன்றையும் பாவிக்கிறேன். மேசையை முழங்கை உயரத்துக்கு ஏற்றியதால் மணிக்கட்டு வளையாமல் தைக்க முடிகிறது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையை விட்டு எழுந்துவிடுகிறேன். இடது கை ஸ்பிளின்டை மழைக்காலத்திலும் வேலை மிகும் மாதங்களிலும் மீண்டும் எடுத்துப் போடுகிறேன். தைரொயிட் மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் எடுக்கிறேன். வலது பெருவிரலின் குழி பாதி நிரம்பியிருக்கிறது. போத்தல் மூடியை இடது கையால்தான் திறக்கிறேன். கொக்கி வைக்கும்போது ஊசி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை.